மூன்றாவது இடத்தில் ஒரு கனகாம்பரம்... உடம்புக்குள் ஓடும் பூச்சரத்தைச் சென்னை கண்டுபிடித்த கதை!

மாலை ஆறு மணி. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் பேருந்து நிறுத்தம் பரபரப்பாக இருக்கிறது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே, சாலையோரத்தில் ஒரு பூக்கடை. பூக்கார அம்மாவின் பார்வை வருகிறவர் போகிறவர் மேல் இருக்கிறது. விரல்கள் மட்டும் தம்பாட்டுக்கு வேலை செய்கின்றன. இரண்டு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம். மறுபடி இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம். வரிசை தப்பவே தப்பாது.

நாளைக்கு முகூர்த்த நாள். காஞ்சிப் பட்டு கட்டி, நீளமாகப் பின்னிய சடையோடு வந்து நிற்கும் ஒரு பெண் இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். பூச்சரம் ஒன்றைத்தான் அவர் வாங்கினார். ஆனால், அதேபோல இன்னும் மூன்று சரங்கள் ஏற்கெனவே அவரிடம் இருக்கின்றன. ஒன்று புடவையில், ஒன்று சடையில், ஒன்று தோலிலும் எலும்பிலும்!

மூன்றுமே புரதங்கள். மூன்றிலும் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. பட்டில் ஆறுக்கு ஒருமுறை, முடியில் ஏழுக்கு ஒருமுறை, எலும்பில் மூன்றுக்கு ஒருமுறை. இந்த மூன்றாவது கணக்கின் வடிவத்தைச் சரியாகப் பிடித்தது லண்டனோ நியூயார்க்கோ அல்ல... நம்ம கிண்டி!

20 பூக்கள், ஒரு சரம்

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு புரதமும் ஒரு சரம். அதில் கோக்கப்படும் பூக்களுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மொத்தம் 20 வகை. கிளைசின், அலனின், புரோலின், லூசின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். விஞ்ஞானிகள் சுருக்கமாக ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள். கிளைசின் என்றால் ஜி, புரோலின் என்றால் பி. எனவே, எந்தப் புரதத்தையும் ஒரு நீளமான எழுத்து வரிசையாக எழுதிவிடலாம்.

பெரும்பாலான புரதங்களில் இந்த வரிசை கண்ணுக்குக் கலைந்ததுபோலத்தான் இருக்கும். சிலவற்றில் மட்டும் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். பட்டுப்புழு நூற்கும் பட்டின் முக்கியப் புரதமான ஃபைப்ராயின் அதற்கு நல்ல உதாரணம். அதன் பெரிய சரத்தில் 5,263 அமினோ அமிலங்கள். அதன் பெரும்பகுதியில் கிளைசின் - அலனின் - கிளைசின் - அலனின் - கிளைசின் - செரின் என்ற ஆறு பேர் அணி மாறாமல் வந்துகொண்டே இருப்பார்கள். மூன்றுமே சின்னச் சின்ன அமிலங்கள் என்பதால் சரங்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் படிந்து அடுக்காகிவிடுகின்றன. பட்டு நூலின் உறுதிக்கு இந்த நெருக்கம்தான் அடிப்படை.

வரிசை திரும்ப வருகிறது என்றால் வடிவமும் திரும்ப வரும் என்று பொருள். வடிவம் தெரிந்தால் வேலை தெரியும். வேலை தெரிந்தால், அது கெடும்போது வரும் நோயும் புரியும். இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன முக்கியமான ஆய்வுகளில் ஒன்று 1954-ல் சென்னையிலிருந்து வெளியானது.

கங்காரு வாலும் கிண்டி ஆய்வகமும்

ஜி.என்.ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி.ராமனிடமும், பிறகு கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறையை வலுப்படுத்த ஒருவரைத் தேடியபோது, ராமன் கைகாட்டிய பெயர் இவருடையதுதான். 1952-ல் துறைத் தலைவராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னை வந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னார். கொலாஜன் என்ற புரதத்துக்கு இதுவரை சொல்லப்பட்ட வடிவங்கள் எதுவுமே திருப்தியாக இல்லை என்பதுதான் அது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம். மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் என்று எங்கெல்லாம் இழுவிசையைத் தாங்க வேண்டுமோ அங்கெல்லாம் இது இருக்கும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாகி ஆடுகிறதே... அதுவும் கொலாஜன் கொதித்து அவிழ்ந்ததால் வந்ததுதான்.

ஆய்வுக்குக் கொலாஜன் வேண்டுமே? கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிலையமான சி.எல்.ஆர்.ஐ. இருந்தது. தோலைப் பதப்படுத்துவது என்றாலே கொலாஜனோடு மல்லுக்கட்டுவதுதானே! அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். அதன்மேல் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, கதிர்கள் சிதறி விழும் புள்ளிக் கோலத்தைப் படம் பிடித்தார்கள் ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும்.

கொலாஜனின் எழுத்து வரிசை அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால், ஒரு கணக்கு தெரியும். கொலாஜனை உடைத்து எடை பார்த்தால், அதில் வரும் அமினோ அமிலங்களில் சுமார் மூன்றில் ஒன்று கிளைசினாக இருந்தது. பூச்சரத்தைப் பிரித்துக் கூடையில் கொட்டிவிட்டார்கள். கூடையில் மூன்றில் ஒரு பங்கு கனகாம்பரம். கட்டியபோது எந்த வரிசையில் இருந்திருக்கும்?

மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது... மூன்றுக்கு ஒருமுறை கிளைசின் வர வேண்டும் என்பதே ராமச்சந்திரனின் விடை. காரணம் வடிவத்தில் இருந்தது. கொலாஜன் ஒற்றைச் சரம் அல்ல. மூன்று சரங்கள் சேர்ந்த பின்னல். மூன்று கால் சடை பின்னும்போது ஒவ்வொரு காலும் முறை வைத்து நடுவே வந்து போகுமே, அதேபோல ஒவ்வொரு சரத்திலும் மூன்றாவது ஆள் பின்னலின் மையத்துக்கு வருகிறார். அந்த இடமோ ஊசி நுழையும் அளவு குறுகல். அங்கே அடங்கக்கூடியவர், 20 பேரில் மிகச் சிறியவரான கிளைசின் மட்டும்தான்!

1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் எழுதிய கட்டுரை வெளியானது. மறு ஆண்டே, மூன்று சரங்களும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தி மேம்படுத்தினார்கள். கொலாஜனின் எழுத்து வரிசை பின்னாளில் முழுதாகப் படிக்கப்பட்டபோது, அவர் சொன்ன இடத்திலெல்லாம் கிளைசின் உட்கார்ந்திருந்தது. மனிதக் கொலாஜனின் முதல் வகையில் பின்னல் பகுதி ஒவ்வொரு சரத்திலும் 1,014 அமிலங்கள் நீளம். அதாவது 338 மூவர் அணி. அதில் எல்லாவற்றிலும் கிளைசின். ஒன்றுகூடத் தப்பவில்லை.

எழுத்தைப் படிக்காமலேயே வரிசையைச் சொன்ன அந்த ஆய்வின் நினைவாக, அடையாறு சி.எல்.ஆர்.ஐ. வளாகத்தில் இருக்கும் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். மூவிழைச் சுருள் என்று அர்த்தம்.

ஒரே ஒரு பூ மாறினால்?

பூச்சரத்தில் ஒரு கனகாம்பரம் விட்டுப்போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. கொலாஜனில் அப்படி இல்லை. 338 கிளைசின்களில் ஒன்றே ஒன்று மாறி, அந்த இடத்தில் சற்றுப் பெரிய அமிலம் வந்துவிட்டால் பின்னல் அங்கே முட்டி நிற்கிறது. முறுக்கு தாமதமாகிறது, குலைகிறது.

விளைவு? எலும்பு எளிதில் உடையும் பிறவிநோய். 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பிறக்கும் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவரை இது பாதிக்கிறது. தவழும்போது விழுந்ததற்கும், தூக்கும்போது கை அழுந்தியதற்கும்கூட எலும்பு முறியலாம். சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பூத்துக் காணப்படும். மாற்றம் சரத்தின் எந்த இடத்தில் நேர்ந்தது, கிளைசினுக்குப் பதில் யார் வந்தார் என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும். கடுமையான வகைகளில் குழந்தை பிழைப்பதே கடினம்.

காரணம் தெரியாத காலத்தில், 'குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்ற பழி அம்மாக்கள் மேல் விழுந்திருக்கிறது. இன்று மரபணுப் பரிசோதனை அந்த ஒற்றை எழுத்தைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. மூன்றுக்கு ஒருமுறை கிளைசின் என்ற விதி தெரிந்திருப்பதால்தான், அந்த ஓர் எழுத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்று மருத்துவரால் சொல்ல முடிகிறது.

இன்னொரு கெடுதலை நாமே தவிர்க்கலாம். கொலாஜன் சரத்தில் வரும் புரோலினில் பலவற்றை உடம்பு கொஞ்சம் மாற்றியமைத்தால்தான் பின்னல் இறுகி நிற்கும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அப்படித்தான் வருகிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் போதும், அதைத் தடுக்க.

விளம்பரங்களில் வரும் கொலாஜன் பவுடர்? எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் குடல் அதைத் துண்டு துண்டாக்கித்தான் உள்ளே விடும். குடித்த கொலாஜன் பின்னலோடு அப்படியே போய்க் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளாது.

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொலாஜன் நல்ல பிள்ளை. மூன்றாவது எழுத்தை எண்ணினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாப் புரதமும் அப்படி இல்லை. இன்று கோடிக்கணக்கான புரதங்களின் எழுத்து வரிசைகள் கணினியில் சேர்ந்துகிடக்கின்றன. அதில் எது திரும்ப வருகிறது என்று கண்ணால் தேட முடியாது. அங்கேதான் கணினி முறைகள் வருகின்றன. இவற்றைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணமே போதும்!

முதல் முறை: கட்டமும் புள்ளியும். 'சலசல' என்று ஒரு சொல். கட்டம் போட்ட நோட்டில் மேல் வரிசையில் ச, ல, ச, ல என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் அதையே மேலிருந்து கீழாக எழுதுங்கள். எங்கெல்லாம் மேல் எழுத்தும் பக்கவாட்டு எழுத்தும் ஒன்றாக இருக்கிறதோ, அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு வரும். எந்தச் சொல்லுக்கும் அது வரும். ஆனால், அதற்கு இரண்டு கட்டம் தள்ளி, இருபுறமும் இன்னொரு குட்டிச் சாய்கோடும் தெரிகிறதா? 'இந்தச் சொல் இரண்டெழுத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது' என்று நோட்டே சொல்லிவிட்டது. புரதங்களுக்கு இந்தப் புள்ளிப்பட முறையை 1970-ல் கிப்ஸ், மெக்கின்டயர் என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்றும் உயிர்தகவலியல் மாணவர்கள் முதலில் கற்பது இதைத்தான்.

இரண்டாவது முறை: காப்பி, கீப்பி. 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. அச்சு அசலாகத் திரும்ப வருகிறது. 'காப்பி கீப்பி சாப்பிட்டீங்களா?' என்று கேட்கிறோமே, அது? திரும்ப வருவதுதான், ஆனால் கொஞ்சம் மாறி வருகிறது. புரதங்களிலும் இப்படித்தான். ஒரு துண்டு எப்போதோ இரட்டித்திருக்கும். பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளில் இங்கே ஓர் எழுத்து, அங்கே ஓர் எழுத்து என்று மாறிப்போயிருக்கும்.

இதைப் பிடிக்க அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப் வழி காட்டினார். 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து 1965-ல் உலகின் முதல் புரதத் தொகுப்பைப் புத்தகமாக வெளியிட்டவர் அவர். 1966-ல் அவரும் ரிச்சர்ட் எக்கும் ஃபெரடாக்சின் என்ற பாக்டீரியா புரதத்தை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தமே 55 அமிலங்கள். அதன் முன்பாதியும் பின்பாதியும் அண்ணன் தம்பி ஜாடையில் இருந்தன! சின்னத் துண்டு ஒன்று இரட்டித்துத்தான் இந்தப் புரதம் உருவாகியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

எந்த அமிலம் எந்த அமிலமாக மாறுவது சகஜம், எது அபூர்வம் என்ற மதிப்பெண் அட்டவணையையும் டேஹாஃப் குழு உருவாக்கியது. லூசின் இருந்த இடத்தில் அதன் சாயலில் இருக்கும் ஐசோலூசின் வந்தால் நல்ல மதிப்பெண். சம்பந்தமே இல்லாத ஒன்று வந்தால் மைனஸ். 1981-ல் வெளியான ஸ்மித் - வாட்டர்மேன் முறை, இந்த மதிப்பெண்களை வைத்து இரு வரிசைகளில் மிக நன்றாகப் பொருந்தும் பகுதியைத் தேடிக் கொடுத்தது. ஒரு புரதத்தை இன்னொன்றோடு ஒப்பிடாமல் அதையே அதனோடு ஒப்பிட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் 'காப்பி கீப்பி' எல்லாம் வெளியே வரும். 2000-ல் வந்த 'ராடார்' போன்ற மென்பொருள்கள் இந்த வழியில் வேலை செய்பவை.

மூன்றாவது முறை: தாளம் போடுவது. சில புரதங்களில் எழுத்துகள் திரும்ப வருவதில்லை. குணம் மட்டும் திரும்ப வரும். நம் தலைமுடியின் கெரட்டினில் ஏழு ஏழாகப் பிரித்தால் ஒவ்வோர் ஏழிலும் முதல் இடத்திலும் நான்காம் இடத்திலும் பெரும்பாலும் தண்ணீரை வெறுக்கும் அமிலங்கள் வரும். யார் வருவார் என்பது மாறும், குணம் மாறாது. மூன்று, நான்கு, மூன்று, நான்கு... இது கச்சேரியில் கேட்கும் மிஸ்ர சாபு தாளமேதான். தகிட - தகதிமி! பாட்டின் வார்த்தைகள் மாறிக்கொண்டே இருந்தாலும் தொடையில் தட்டும் கை தாளத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது அல்லவா? கணினி இதற்கு ஃபூரியர் என்ற கணித முறையைப் பயன்படுத்துகிறது. எழுத்துகளை எண்களாக மாற்றி, எந்த இடைவெளியில் துடிப்பு பலமாக இருக்கிறது என்று பார்க்கிறது.

1970-களில் கேம்பிரிட்ஜில் மெக்லாக்லனும் ஸ்டூவர்ட்டும் தசையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதத்தின் 284 அமிலங்களை இப்படி அலசி, அதற்குள் இருந்த ஒழுங்கான துடிப்புகளைக் காட்டினார்கள். இறால் சாப்பிட்டதும் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகிறதே, அந்த அலர்ஜிக்கு முக்கியக் காரணம் இறாலில் இருக்கும் இதே டிரோபோமயோசின்தான்.

நிஜமா, தற்செயலா? ஆயிரம் பூக்களைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் எங்காவது ஓர் ஒழுங்கு இருப்பதுபோலத் தோன்றும். கணினியும் ஏமாறும். எனவே, ஒரு சோதனை வைக்கிறார்கள். புரதத்தின் எழுத்துகளைச் சீட்டுக்கட்டுபோலக் குலுக்கிப் போட்டு, திரும்பத் தேடுவது. பலமுறை குலுக்கிய பிறகும் அதே அளவு ஒழுங்கு அடிக்கடி தென்பட்டால், முதலில் கண்டது வெறும் தற்செயல். குலுக்கினால் மறைந்துபோவதுதான் நிஜமான ஒழுங்கு.

எண்ணிக்கை கூடினாலும் ஆபத்து

கொலாஜனில் ஒழுங்கு உடைந்தால் நோய். ஹன்டிங்டன் நோயில் ஒழுங்கு நீண்டுவிட்டால் நோய். ஹன்டிங்டின் என்ற புரதத்தில் குளுட்டமின் என்ற அமிலம் வரிசையாகத் தொடர்ந்து வரும் ஒரு பகுதி உண்டு. அதை எழுதும் மரபணுத் துண்டு 26 முறை அல்லது அதற்குக் குறைவாகத் திரும்பினால் பிரச்னை இல்லை. 40-ஐத் தாண்டிவிட்டால், பெரும்பாலும் நடுவயதில் கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆட ஆரம்பித்து, நினைவும் தடுமாறும். 1993-ல் இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, எண்ணிப் பார்த்தே நோயை உறுதிசெய்ய முடிகிறது.

நான்கெழுத்தில் ஒரு தடுப்பூசி

திரும்ப வரும் வரிசை சில நேரம் எதிரியின் பலவீனத்தையும் காட்டிக் கொடுக்கிறது. மலேரியா கிருமி கொசுக்கடி வழியே உடம்புக்குள் நுழையும்போது மேலே ஒரு புரதப் போர்வை போர்த்தியிருக்கும். 1984-ல் அதன் வரிசையைப் படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அஸ்பராஜின் - அலனின் - அஸ்பராஜின் - புரோலின் என்ற நான்கு பேர் அணி, நடுப்பகுதி முழுக்கத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

அந்த நான்கெழுத்துத் துண்டை 19 முறை அடுக்கிச் செய்த தடுப்பூசிதான் 'ஆர்.டி.எஸ்.,எஸ்'. பெயரின் முதல் எழுத்தான 'ஆர்' என்பதே 'ரிப்பீட்' என்ற சொல்லைக் குறிக்கிறது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. மலேரியாவுக்கு எதிராக அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட முதல் தடுப்பூசி இது. இரண்டாவது தடுப்பூசியான 'ஆர்21' 2023 அக்டோபரில் பரிந்துரை பெற்றது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைத் தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட். அதிலும் குறிவைக்கப்படுவது அதே நான்கெழுத்துத் தொடர்தான்.

பக்கத்தில் ஒரு ஸ்டேஷன், அவிழாத ஒரு முடிச்சு

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினால், கடற்கரை மார்க்கத்தில் அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயர் வந்தது 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்தால். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தென்சென்னைப் புறநகரில் பல குடும்பங்களுக்குப் பரிச்சயமான இடம்.

அங்கே எந்தக் கிருமிக்கு எதிராக வைத்தியம் நடக்கிறதோ, அந்தக் காசநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசை 1998-ல் வெளியானது. சுமார் 44 லட்சம் எழுத்துகள். அதில் ஒரு வியப்பு காத்திருந்தது. புரதங்களை எழுதும் பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இரண்டே குடும்பங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. பி.இ., பி.பி.இ. என்று அவற்றுக்குப் பெயர். அதில் ஒரு பிரிவில் கிளைசின் - கிளைசின் - அலனின் என்ற மூவர் அணி திரும்பத் திரும்ப வருகிறது. மறுபடியும் கிளைசின்!

நோயாளியின் கிருமி எந்த ரகம், எந்த மருந்துக்கு அடங்காது என்று பார்க்க இன்று மரபணு வாசிப்பு பயன்படுகிறது. பரவலாக உள்ள இயந்திரங்கள் மரபணுவைச் சிறுசிறு துண்டுகளாகப் படித்து, பிறகு ஒட்டவைக்கின்றன. ஒரு பட்டுப்புடவையைத் துண்டுதுண்டாக நறுக்கிவிட்டு, திரும்ப அடுக்கச் சொன்னால்? முந்தானைத் துண்டுகளை எளிதில் வைத்துவிடலாம். பார்டர் துண்டுகள்? எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எது எந்த இடம் என்று எப்படிச் சொல்வது? அதனால், திரும்பத் திரும்ப வரும் இந்தப் பகுதிகளைப் பல ஆய்வுகள் கணக்கில் சேர்க்காமலே ஒதுக்கிவைத்தன.

ஒதுக்கியது சின்ன விஷயம் அல்ல. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பல, கிருமியின் மேற்பரப்பில் இருப்பவை அல்லது வெளியே சுரப்பவை. நம் நோய் எதிர்ப்பு சக்தியோடு நேருக்கு நேர் மோதுபவை. பரிசோதனையின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் 'எம்72' என்ற காசநோய்த் தடுப்பூசியில் பி.பி.இ. குடும்பத்துப் புரதம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் புதிய இயந்திரங்கள் வந்த பிறகு, ஒதுக்கிவைத்த பார்டர் துண்டுகளை ஆய்வாளர்கள் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள்.

சண்டையில் பிறந்த வரைபடம்

கிண்டிக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 1955-ல் ராமச்சந்திரனின் கொலாஜன் வடிவத்தை, டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் விமர்சித்தார்கள். மூவிழைப் பின்னலும் மூன்றாமிடத்துக் கிளைசினும் சரிதான். ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். சரங்களுக்கு இடையே மூவருக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார் ராமச்சந்திரன். ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். அந்த விஷயத்தில் பிற்கால ஆய்வுகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன.

ராமச்சந்திரன் சோர்ந்து உட்காரவில்லை. 'அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதை அளந்தே பார்த்துவிடுவோம்' என்று இறங்கினார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்று கணக்கிட்டார். 1963-ல் வெளியான அதுதான் உலகமெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அழைக்கப்படுகிறது.

புரதங்களின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் கணித்த டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றும் ஒரு புரத வடிவம் சரியா என்று சோதிக்கும்போது ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று, கிண்டியில் பிறந்த அந்த வரைபடம். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான ராமச்சந்திரன், 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். நோபல் அவரைத் தேடி வரவே இல்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்!

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு. 'யூனிப்ராட்' என்பது உலகப் புரதங்களின் இலவசத் தகவல் களஞ்சியம். செல்போனிலேயே திறக்கும். அதில் 'பி02452' என்ற எண்ணை ஆங்கிலத்தில் தட்டினால், மனிதக் கொலாஜனின் 1,464 எழுத்துகளும் வந்து நிற்கும். 179-வது எழுத்திலிருந்து ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். ஜி பி எம் - ஜி பி எஸ் - ஜி பி ஆர் - ஜி எல் பி என்று போகும். ஒவ்வொரு மூவர் அணியின் முதல் 'ஜி' மேலும் வட்டம் போடுங்கள்... மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று 338 வட்டங்கள்.

நடுவில் எங்காவது வட்டம் தவறினால், எழுதியதை ஒருமுறை சரிபாருங்கள். எழுதும்போது நீங்கள்தான் ஓர் எழுத்தை விட்டிருப்பீர்கள்!